ஆடிச் சாரலில் ஒரு 6502

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஒரு பழைய 6502 பிராசசரின் ஏ15 முகவரிக் கம்பியில் கட்டியிருந்த சிவப்பு எல்இடி துடிக்க ஆரம்பித்தது. மூன்று வாரமாக அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிம்-1 மாதிரி ஒன்றைச் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1976-ல் வந்த ஒற்றைப் பலகைக் கணினி அது. திரை கிடையாது. ஆறு செவன் செக்மென்ட் இலக்கங்கள், ஒரு சின்ன கீபேட், ஒரு கிலோபைட் ராம், அவ்வளவுதான். ஆர்டுயினோ என்ற சின்னப் பலகைக்குள்ளேயே அதை ஓட்டிக் காட்டலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதன் மூளையான 6502 பிராசசரே நிஜமாக வேண்டும்.

அது கிடைத்தது மலைக்கு அந்தப் பக்கம். செங்கோட்டையில் ரயில் ஏறினால் புனலூர். அங்கே பழைய டிவி, ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் சேட்டன் ஒருவர் கடையில் ஒரு டப்பா நிறைய கழற்றிய ஐசிகள். "இது எடுத்தோ மோனே, இவிடெ வெறுதே கிடக்குவா" என்று காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். ராக்வெல் முத்திரை, கீழே 8432. அதாவது 1984-ன் 32ஆம் வாரம் செய்தது.

பிராசசர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ராம், ரோம் எதுவும் வேண்டாம். எட்டு டேட்டா கால்களையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக 1110 1010 என்ற வரிசையில் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் கட்டிவிட வேண்டும். பதினாறின் அடியெண்ணில் அது ஈஏ. 6502-க்கு அதன் பொருள் 'ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ'. எந்த முகவரியைப் படித்தாலும் அதே கட்டளைதான் வரும். அதனால் பிராசசர் முகவரிகளை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே போகும். மேல் எட்டு முகவரிக் கம்பிகளை (ஏ8 முதல் ஏ15 வரை) 74எச்சிடி244 பஃபர் ஐசி வழியாக எல்இடிகளுக்குக் கொடுத்தால் அந்த எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்கலாம்.

பிராசசரை நடத்தும் கடிகாரத்துக்கு நான் 555 டைமர் ஐசியில் செகண்டுக்கு ஒரு துடிப்பு கொடுத்தேன். விளக்குகள் தாறுமாறாக எரிந்தன. ரீசெட் செய்தால் வேறு தாறுமாறு. ஆடி மாதம், ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் ராத்திரி முழுக்க. வீட்டில் உப்பு டப்பாவே கசிகிறது. சரி, பிரெட்போர்டில் ஈரம்தான் என்று முடிவு கட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, குண்டு பல்புக்கு அடியில் காய வைத்து, கம்பிகளை இரண்டு தடவை பிடுங்கிக் கட்டினேன். 1-ஆம் காலும் 21-ஆம் காலும் இரண்டுமே தரைக்குப் போக வேண்டும், ஒன்றை விட்டிருந்தேன். அதைச் சரிசெய்த பிறகும் அதே கதை.

காரணம் டேட்டாஷீட்டில் இருந்தது. கடிகாரச் சுற்றுக்குக் குறைந்தபட்ச நேரம் மட்டுமல்ல, அதிகபட்ச நேரமும் போட்டிருக்கிறார்கள், அதுவும் மைக்ரோசெகண்டுகளில். பழைய 6502 என்மாஸ் என்ற பழைய சிப் வகை. உள்ளே இருக்கும் மதிப்புகள் துளித்துளி மின்னேற்றங்களாக நிற்கின்றன. அடியில் ஓட்டை உள்ள குடம் மாதிரி, ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். கடிகாரம் ஒரு செகண்டு தாமதித்தால் எல்லாம் வடிந்துவிடும். இன்று புதிதாக விற்கும் 6502 வடிவமான டபிள்யூ65சி02எஸ் சீமாஸ் என்ற வேறு வகை, அதன் கடிகாரத்தை நிறுத்தியே வைக்கலாம். நான் பார்த்துக் கட்டிய சர்க்யூட் அதற்கானது. இந்த வேறுபாட்டை யாராவது தமிழில் முன்பே எழுதியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

555-ஐக் கழற்றிவிட்டு 1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை வைத்தேன். அந்தக் கட்டளைக்கு இரண்டு சுற்று, அதாவது 2 மைக்ரோசெகண்டு. 65,536 முகவரிகளையும் சுற்றி வர 0.131 செகண்டு. ஆக, ஏ15 செகண்டுக்குச் சுமார் 7.6 தடவை மின்ன வேண்டும், ஏ14 அதற்கு இரட்டிப்பு, ஏ13-க்குக் கீழே நம் கண்ணுக்கு நிலையாக எரிவதாகவே தெரியும். அப்படியே தெரிந்தது. போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணினேன். பத்து செகண்டில் 76.

மெதுவாகப் பார்க்கும் ஆசையையும் விடவில்லை. 2-ஆம் கால் 'ரெடி'. பிராசசர் படிக்கும் சுற்றில் இருக்கும்போது அதைத் தரைக்கு இழுத்தால் அங்கேயே நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே எதுவும் வடியாது. இந்தச் சோதனையில் எல்லாமே படிப்புதான். 3.3 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்குக் கட்டி, ஒரு புஷ் சுவிட்ச் வைத்தேன்.

நேற்று ராத்திரி அழுத்தினேன். எட்டு விளக்கும் சட்டென்று அசையாமல் நின்றன: 1011 0100. பி4. விட்டதும் ஏ15 மறுபடி துடித்தது.