ஓரியூருக்கு இரண்டு சீட்டுகளோடு போனேன்

மதுரையிலிருந்து தொண்டி பஸ்ஸில் ஏறும்போது சட்டைப் பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில் ‘போ’, இன்னொன்றில் ‘வேண்டாம்’. ஓசூருக்கு மாற்றல், சம்பள உயர்வோடு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா, பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது, வலது கை இன்னும் சரியாக வரவில்லை. மூன்று வாரமாகச் செபம் பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைத்தும் பார்த்தேன், ஒரு தடவை வம்சாவளிப் பட்டியல்தான் வந்தது. சரி, ஓரியூரில் புனித அருளானந்தர் பாதத்தில் சீட்டுப் போட்டுக் கேட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

காளையார்கோயில் தாண்டியதும் கருவேலங்காடும் வறண்ட கண்மாய்களும்தான். திருவாடானையில் இறங்கி அடுத்த பஸ். ஓரியூரில் கால் வைத்ததும் கண்ணில் படுவது அந்தச் செம்மண். அருளானந்தர் ரத்தம் சிந்திய மண் என்று எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள், முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, சுற்றுவட்டார இந்துக்களும் நேர்ச்சையோடு வருகிறார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி முந்தானையில் மண்ணை முடிந்துகொண்டே, “பேரனுக்குத் தம்பி, நீயும் எடுத்துக்க” என்றார்.

போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே போதித்த குரு, அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அன்று அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோது மனதில் நின்றது அவர் சாவு இல்லை, அதற்கு முந்தைய ஒரு முடிவு. 1686-இல் மறவ நாட்டில், அதாவது இன்றைய ராமநாதபுரம் பக்கம், பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, இனி இங்கே போதிக்கக்கூடாது என்ற கட்டளையோடு விடுதலையானவர், பிறகு தன் துறவற சபையான இயேசு சபையின் வேலையாக லிஸ்பனுக்குப் போகிறார். அங்கே போர்ச்சுகல் அரசர் இரண்டாம் பேத்ரு அவருடைய பால்ய நண்பர். ‘இங்கேயே இரு, என் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடு’ என்கிறார். யோசித்துப் பாருங்கள், அது பாவமான அழைப்பா? இல்லையே. ஒரு இளவரசனை நல்லவனாக வளர்ப்பதும் கடவுளுடைய வேலைதான். இரண்டுமே நல்லதாக இருக்கும்போது எது ஆண்டவர் சொல்வது என்று எப்படித் தெரியும்? அவர் 1690-இல் திரும்பி வந்துவிட்டார். மறவ இளவரசர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை அனுப்பிவிட, அதில் ஒருவர் மறவ நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு, அந்தக் கோபத்தில்தான் 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று இங்கே தலை வெட்டப்பட்டது.

அவர் இயேசு சபைக்காரர், அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் வழியில் தெளிந்து தேர்வதில் பழகியவர். இஞ்ஞாசியார் சொன்ன ஒரு முறை பங்குத் தியானத்தில் கேட்டது, அப்போதுதான் ஞாபகம் வந்தது: உனக்கு முன்பின் தெரியாத ஒருவன் இதே பிரச்சினையோடு வந்தால் என்ன சொல்வாய்? அதை உனக்கும் சொல்லிக்கொள். சரி என்று அப்படி ஒருவனை எதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். அவனிடம் என் வாயில் வந்த முதல் கேள்வி, “உங்க அப்பாகிட்ட கேட்டீங்களா?”

கேட்கவே இல்லை. மனைவியிடம் கேட்டேன், பங்குச் சாமியாரிடம் கேட்டேன், மூன்று வாரம் ஆண்டவரிடம் மன்றாடினேன், பக்கத்து அறையில் இருக்கும் மனுஷனிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்தான். அழுதேன், ரொம்ப நேரம். சீட்டுகளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செம்மண் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். அப்பா இடது கையால் மண்ணை எடுத்து வலது மணிக்கட்டில் தேய்த்தார். “நாளைக்குச் சொல்றேன், நானும் செபம் பண்ணணும்ல” என்றார். மறுநாள் சொன்னது இது: “நீ போனா எனக்கு வருத்தம் இல்லடா. ஆனா சாயங்காலம் நடக்கும்போது உன் தோளு இருந்தா விழமாட்டேன்னு தோணுது.”

ஓசூருக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். போயிருந்தால் ஆண்டவர் கோபித்திருப்பார் என்று நான் நம்பவில்லை, அங்கேயும் அவர் இருந்திருப்பார். அப்புறம் இரண்டு வாரம் தூக்கம் போனது, கணக்குப் போட்டுப் போட்டு மனசு இருண்டது. மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை இருட்டில் இருக்கும்போது மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதுதான். அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், மெல்ல மெல்ல விலகியது.

நேற்று சாயங்காலம் பால் பூத் வரை நடந்தோம். திரும்பும்போது அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாலு வீட்டுத் தூரம் தனியாக வந்தார்.