முன்பக்கம் ராணி, பக்கவாட்டில் பலகை: சான் பிரான்சிஸ்கோ மரவீடுகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு எதில் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

தரைக்கடியில் ஓடும் கம்பி இழுக்கும் பழைய தெரு ரயில்தான் அந்த ஊர்க் கேபிள் கார். கடலோரத்தில் அதற்கு நின்ற கூட்டம் அனுமார் வால். அப்போது ஆளுக்கு ஒரு தடவைக்கு 8 டாலர் வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பி பாவம் பார்த்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கைகாட்டினான். ஓட்டியவர் வழி முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வந்தார். இறங்கியதும் 84 டாலர் என்றார். வண்டியில் தொங்கிய அட்டையில் 4 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிமிடத்துக்கு, அதுவும் தலைக்கு என்பது மட்டும் எறும்பு எழுத்தில். மூன்று பேர், ஏழு நிமிடம். "ஏழாயிரம் ரூபாயா? மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கார் வைத்துப் போய் வந்திருக்கலாமேடா" என்றார் அம்மா. ஊர் பேர் தெரியாத இடத்தில் என்ன செய்வது, கொடுத்துவிட்டு வந்தோம். நீங்கள் ஏறவே ஏறாதீர்கள்.

சரி, விக்டோரியா ராணி காலத்து மரவீடுகளுக்கு வருகிறேன். நான் போனதே அதற்குத்தான்.

எல்லோரும் போகிற இடம் அலமோ சதுக்கம். பூங்காச் சரிவில் நின்றால் எதிரே ஸ்டெய்னர் தெருவில் ஏழு மரவீடுகள் வரிசையாக நிற்கும். 1892 முதல் 1896 வரை மேத்யூ கவனா என்ற கட்டுமானக்காரர் கட்டி விற்றவை. பின்னால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரிவதால் படத்துக்கு அருமையான இடம். நேரில்? எனக்குப் பாதி ஏமாற்றம்தான். வீடுகள் மேல் குற்றம் இல்லை. செல்ஃபி கூட்டத்துக்கு நடுவே, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், நாங்கள் போகவும் முடியவில்லை.

அங்கே ஒன்று செய்யுங்கள். நேராகப் படம் எடுத்து முடித்ததும் வரிசையின் ஓரத்துக்குப் போய் ஒரு வீட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். முகப்பில் முக்கோண முகட்டின் நடுவே பூவேலை, கடைசல் தூண், விளிம்புக்கு விளிம்பு மணி கோத்த சட்டம். பக்கச் சுவரில் வெறும் பலகை. ஒரு கோடு, ஒரு பூ கிடையாது. மனை குறுகல், வீட்டுக்கு வீடு இடுக்கு, பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கே காசைப் போடவில்லை. குவீன் ஆன் என்று பேர் பெற்ற பாணி இது. "முன்னால் குவீன் ஆன், பின்னால் மேரி ஆன்" என்று அந்த ஊரிலேயே ஒரு கிண்டல் உண்டாம். குவீன் ஆன் ஒரு ராணி, மேரி ஆன் யாரோ ஒரு சாதாரணப் பெண்.

உண்மையில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய வீடு பிராங்க்ளின் தெருவில் 2007 எண்ணில் இருக்கிறது. ஹாஸ்-லிலியந்தால் இல்லம். நான் போனபோது வழிகாட்டியோடுதான் உள்ளே விட்டார்கள், அதுவும் வாரத்தில் சில நாட்கள்தான். இப்போது விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பவேரியாவிலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரத்தில் சம்பாதித்த வில்லியம் ஹாஸ் 1886-இல் கட்டிய வீடு. செலவு 18,500 டாலர். அன்றைக்கு அது பெரும்பணம். அவர் மகள் ஆலிஸ் லிலியந்தால் 1972 வரை இதே வீட்டில் இருந்தார். பிறகு குடும்பம் வீட்டை ஒரு மரபுப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. அதனால்தான் நாங்கள் உள்ளே போக முடிந்தது.

வெளியே மூலையில் ஒரு வட்டக் கோபுரம். அண்ணாந்து பார்த்தால், மேலே உட்கார்ந்து யாரோ காபி குடித்தபடி கடலைப் பார்ப்பார்கள் என்று தோன்றும். உள்ளே போனால் அந்த ஜன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன! கோபுரம் தெருவுக்காகக் கட்டியது. அதைக் கேட்டதும் எனக்கு இந்த வீட்டின் மேல் பிரியம் கூடிவிட்டது. பணம் வந்த மனிதனின் ஆசை ஒளிவுமறைவில்லாமல் நிற்கிறது.

உள்ளே நான் பாதி நேரம் குனிந்தபடியே இருந்தேன். என்னைக் கட்டிப்போட்டது கதவு நிலை. நிலையைச் சுற்றி அகலமான மரச்சட்டம், நம்மூர் ஆசாரிகள் பீடிங் என்பார்களே, அதன் பெரியண்ணன். நிறையக் கோடு இழைத்தது. சாதாரணமாக இரண்டு சட்டம் சேரும் மூலையில் 45 டிகிரியில் சாய்வாக அறுத்துப் பொருத்துவார்கள். விக்டோரியன் வீடுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. மூலையில் ஒரு சதுரக் கட்டை, அதன் நடுவே வட்டம் வட்டமாகக் கடைந்த ஒரு பூ. சட்டங்கள் நேராக வந்து அதில் முட்டி நின்றுவிடும். அழகுக்கு என்றுதான் நினைப்போம். ஆனால் சாய்வாகப் பொருத்திய மூலை மரம் சுருங்கும்போது வாய் பிளக்கும், பொருத்துவதற்கும் கைதேர்ந்த ஆள் வேண்டும். நேராக அறுத்துக் கட்டையில் முட்டவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாது. நிலையின் அடியில் இன்னொரு கனமான கட்டை. தரையோரம் ஓடும் உயரமான பலகையும் கதவுச் சட்டமும் வெவ்வேறு தடிமன் என்பதால், இரண்டும் ஒழுங்காக வந்து நிற்க அது இடம் கொடுக்கிறது.

அந்தத் தரையோரப் பலகைக்கும் வேலை உண்டு. சுவர் என்பது மெல்லிய மரப்பட்டிகளின் மேல் பூசிய பூச்சு. அது தரையைத் தொடும் இடம் ஒருபோதும் நேராக இருக்காது. பலகை அந்தக் கோணலை மறைக்கும், துடைப்பம் இடித்தாலும் பூச்சு உதிராது. மேலே ஓடும் மெல்லிய சட்டம் படம் மாட்ட. பூச்சில் ஆணி அடித்தால் பெயர்ந்துவிடும் என்பதால் சட்டத்தில் கொக்கி போட்டுக் கம்பியில் படத்தைத் தொங்கவிட்டார்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று சண்டைபோடும் நம் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

அம்மா மாடிப்படிக் கைப்பிடியின் கடைசல் கம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை இடுக்கையும் யார் துடைப்பார்கள்?" வேலைக்காரர்கள்தான் என்று வழிகாட்டி சொன்னதை நான் மொழிபெயர்த்ததும், "அதானே பார்த்தேன்" என்றார்.

பலர் நினைப்பது போல இதெல்லாம் ஒரு சிற்பி உட்கார்ந்து மாதக்கணக்கில் செதுக்கியது இல்லை. பெரும்பாலும் நீராவி எந்திரத்தில் ஓடிய ரம்பமும் கடைசல் பட்டறையும் செய்தவை. பட்டறைகள் படம் போட்ட விலைப்பட்டியல் அச்சடித்தன. கட்டுகிறவர் அதைப் பார்த்து, இந்த மாதிரித் தூண், அந்த மாதிரிப் பூ என்று அடி கணக்கில் வாங்கி ஒட்டினார். அதனால்தான் நடுத்தர வருமானக்காரர் வீட்டு முகப்பிலும் இவ்வளவு ஜோடனை. எந்திர வேலைதானே என்று உதட்டைப் பிதுக்கிய என் தம்பியோடு எனக்குச் சண்டையே வந்தது. கையால் மட்டுமே செய்திருந்தால் இந்தப் பூ மளிகை முதலாளி வீட்டோடு நின்றிருக்கும். தெருவுக்கே வந்தது எந்திரத்தால்தான்.

மரம் ரெட்வுட். வட கலிபோர்னியக் காடுகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நேரான இழை, இழைக்கச் சுலபம், சீக்கிரம் உளுத்துப்போகாது. உள்ளூரில் மலிவு என்பதால் அன்றைக்கு அதற்கு மதிப்பு கம்மி. அதன் மேல் சாயம் பூசி, சீப்பால் கோடு இழுத்து ஓக் மரம் போலக் காட்டிய வீடுகள் நிறைய. இன்றைக்கு அந்த வயதான ரெட்வுட் பலகைக்கு என்ன விலை தெரியுமா என்று வழிகாட்டியே பெருமூச்சு விட்டார்.

1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் மரவீடுகள் பல தாங்கின. பின்னால் வந்த தீதான் ஊரை விழுங்கியது. வான் நெஸ் அவென்யூவில் கிழக்குப் பக்க வீடுகளை வெடிவைத்துத் தகர்த்துத் தீயை மடக்கினார்கள். ஹாஸ் வீடு அதற்கு ஒரே ஒரு தெரு மேற்கே. தீக்குத் தப்பியவை மனிதர்களுக்குத் தப்பவில்லை. அழகுவேலையைப் பெயர்த்தெடுத்துச் சுவரில் சிமெண்ட் பூசினார்கள். வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் மறுசீரமைப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்து, கறுப்பினக் குடும்பங்களையும் ஜப்பானியக் குடும்பங்களையும் கிளப்பிவிட்டார்கள். இன்று படங்களில் பார்க்கும் பளபள வண்ணமும் விக்டோரியா காலத்தது அல்ல. 1963-இல் புட்ச் கார்டம் என்ற ஓவியர் தன் வீட்டுக்கு அழுத்தமான நீலமும் பச்சையும் அடித்தார். முதலில் சிரித்த தெருக்காரர்கள் அப்புறம் காப்பியடித்தார்கள். எனக்கு அந்த வண்ணம் பிடித்திருக்கிறது. ஆறு நிறம் அடித்தால்தான் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகத் தெரிகிறது.

இலவசமாக நிறைய பார்க்க வேண்டுமா? மிஷன் பகுதியை ஒட்டிய லிபர்ட்டி தெருவுக்குப் போங்கள். 1906 தீ 20-ஆம் தெருவோடு நின்றதால் அதற்குத் தெற்கே வீடுகள் பிழைத்தன. தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிய தீயணைப்புக் குழாய் சர்ச் தெருவும் 20-ஆம் தெருவும் சேரும் இடத்தில் தங்க நிறத்தில் நிற்கிறது. ஜே எண் ரயில் அந்தப் பக்கமே போகிறது. இத்தாலிய பாணி முதல் குவீன் ஆன் வரை ஒரே நடையில் பார்த்துவிடலாம், கூட்டம் கிடையாது. இறங்கினால் மிஷன் தெருவில் புரிட்டோ என்ற மெக்சிகோ ரொட்டிச் சுருள். பீன்ஸ், சோறு, வெண்ணெய்ப்பழம், பச்சை மிளகாய்ச் சட்னி எல்லாம் வைத்து, முழங்கை நீளத்துக்குச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கி அம்மாவும் நானும் பாதிப் பாதி சாப்பிட்டும் முடியவில்லை. பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு அதுதான். முந்தின நாள் ஒரு இந்திய உணவகத்தில் 18 டாலர் கொடுத்துத் தின்ற ரப்பர் தோசையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

போக்குவரத்து: அலமோ சதுக்கத்துக்கு 5 எண் பஸ். கேபிள் காரில் ஏறியே ஆக வேண்டும் என்றால் கலிபோர்னியா தெரு வண்டியில் ஏறுங்கள், மற்ற இரண்டை விடக் கூட்டம் குறைவு. அது வான் நெஸ்ஸில் முடியும், அங்கிருந்து ஹாஸ் வீடு நடைதூரம்தான். வாடகைக் கார் எடுத்தால் உள்ளே ஒரு பை கூட வைக்காதீர்கள், பூங்கா ஓரத்தில் உடைந்த கண்ணாடித் தூள் கிடந்ததை நானே பார்த்தேன். ஜூலையில் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கடைகளில் அதே ஸ்வெட்டருக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்.