பெரியம்மாவுக்கு நேரம் சொல்லித் தருகிறேன்

மார்ச் 3, 2025, திங்கள்

பெரியம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஆள் இல்லாமல் அவரோடு போனில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று பெரியம்மாவுக்கு ஆசை. "உடம்பு எப்படி, சாப்பிட்டாச்சா எல்லாம் கேட்டுடுவேன்டி. எப்போ வர்றீங்க, எத்தனை நாள் இருப்பீங்கன்னு வர்ற இடத்துலதான் நாக்கு தடுமாறுது." சரி, நேரச் சொற்களிலிருந்தே தொடங்கினோம்.

'அட்', 'ஆன்', 'இன்' மூன்றையும் எழுதிக் காட்டினேன். மனப்பாடம் செய்யச் சொல்வதாகத்தான் இருந்தேன். அவர் அதற்குள் வேற்றுமை உருபைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஐந்து மணிக்கு: 'கு' இருக்கிறது, அதனால் 'அட்'. மார்ச்சில், 2010இல்: 'இல்' இருக்கிறது, அதனால் 'இன்'. திங்கட்கிழமை வந்தாங்க: உருபே இல்லை, அதனால் 'ஆன்'. பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது! ராத்திரியில் என்பதற்கு 'அட் நைட்' என்றதும் முகம் சுளித்தார். 'இன் த மார்னிங்' என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் என்றால் மட்டும் 'ஆன் மண்டே மார்னிங்' என்றதும் இன்னும் சுளித்தார். கிழமை வந்துவிட்டால் அது சொல்வதுதான் சட்டம் என்றேன். 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' முன்னால் நின்றால் மூன்றில் எதுவும் வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்பது நிறையப் பேர் வாயில் வருவது; வரக் கூடாதது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று 'பை', 'அன்டில்'. ஆங்கிலத்தில் பல வருஷம் புழங்கியவர்கள்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தமிழைக் கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. ஐந்து மணிக்குள் முடித்துவிடுவேன் என்றால் 'பை ஃபைவ்'. ஐந்து மணி வரை இருப்பேன் என்றால் 'அன்டில் ஃபைவ்'. ஒரு காரியம் முடிய வேண்டிய கெடு ஒன்று, ஒரு நிலை நீடிக்கிற எல்லை இன்னொன்று. 'க்குள்', 'வரை' என்று நாம் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறோம்.

பெரியம்மா விடவில்லை. "ஒரு மணி நேரத்துக்குள்ளன்னாலும் 'க்குள்'தானே, அதுக்கும் 'பை'யா?" இல்லை, அது 'விதின் ஆன் அவர்'. கடிகாரத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய நேரம் என்றால் 'பை'. நீளமுள்ள நேரம் என்றால் 'விதின்'.

பிறகு சம்பந்தியம்மா அனுப்பியிருந்த ஒரு வாக்கியத்தைக் காட்டினார்: 'ஐ வோன்ட் பி ஹோம் அன்டில் சிக்ஸ்.' ஆறு மணி வரை வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லுக்குச் சொல் புரிந்திருந்தது. ஆனால் அதில் இருக்கிற சேதி, ஆறு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவேன், அப்புறம் கூப்பிடுங்கள் என்பது. 'நாட் அன்டில்' எங்கே வந்தாலும் 'மேல்தான்', 'அப்புறம்தான்' என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். எனக்குப் பிடித்த இடம் இது. அவர்கள் இல்லை என்று சொல்லிச் சொல்வதை நாம் ஒரு 'தான்' வைத்துச் சொல்லிவிடுகிறோம்.

'கால் மீ இன் டென் மினிட்ஸ்' என்றால் மூன்றாம் நிமிஷமே கூப்பிடலாம் என்று அர்த்தமில்லை. பத்து நிமிஷம் கழித்து. இதற்கு 'ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்பார்கள் நம்மவர்கள். புரியும், ஆனால் இப்போதிலிருந்து எண்ணும்போது 'இன்'தான் இயல்பு.

மார்ச் 6, வியாழன்

நேரமில்லை, போனிலேயே கொஞ்சம். 'டுடே மார்னிங்' வேண்டாம், 'திஸ் மார்னிங்'. 'யெஸ்டர்டே நைட்' வேண்டாம், 'லாஸ்ட் நைட்'. ஆனால் 'யெஸ்டர்டே மார்னிங்' சரி, 'டுமாரோ நைட்'டும் சரி. "ஏன்டி?" என்றார். புழக்கம் அப்படி, விடுங்கள் பெரியம்மா.

மார்ச் 10, திங்கள்

இதுவரை கைகொடுத்த தமிழ் இன்று காலை வாரிவிட்டது. முன்பு, முன்னாடி என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால்தான் 'பிஃபோர் டூ டேஸ்' என்று வந்து விழுகிறது. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ டேஸ் எகோ'. கல்யாணம் மாதிரி வேறொன்றிலிருந்து எண்ணினால் 'டூ டேஸ் பிஃபோர் த வெட்டிங்'.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ஒரு விதி செய்தார். ரெண்டு நாளைக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடி. 'கு' எதன் மேல் ஏறியிருக்கிறது? நாள் கணக்கின் மேல் என்றால் 'எகோ', நிகழ்ச்சியின் மேல் என்றால் 'பிஃபோர்'. எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் பார்க்காதது.

'ஃபார்', 'சின்ஸ்' சுலபம்: மூணு வருஷமா என்றால் 'ஃபார்', 2022இலிருந்து என்றால் 'சின்ஸ்'. வினைதான் சிக்கல். நாம் மூணு வருஷமா இருக்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் ஹியர்' என்று கேட்கிறது. இதற்குச் சொல்லிச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஆறே முக்கால். நாம் கடந்துவிட்ட ஆறைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம், ஆங்கிலம் வரப்போகிற ஏழிலிருந்து கழிக்கிறது: 'க்வார்ட்டர் டு செவன்'. சம்பந்தியம்மா 'ஹாஃப் செவன்' என்பாராம். பிரிட்டிஷ் பேச்சில் அது ஏழரை. ஜெர்மன்காரர்கள் அதே மாதிரி 'ஹால்ப் ஸீபென்' என்றால் ஆறரை. இதைக் கேட்டுப் பெரியம்மா சிரித்த சிரிப்பு! சந்தேகமிருந்தால் 'சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்' என்று எண்ணாகவே சொல்லிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

சம்பந்தியம்மாவிடமிருந்து சேதி: 'அவர் விசிட் நெக்ஸ்ட் ஃப்ரைடே ஹேஸ் பீன் மூவ்டு ஃபார்வர்டு டூ டேஸ்.' ஒரே வரியில் இரண்டு வில்லங்கம். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' 21ஆ, 28ஆ? ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. நமக்கு வர்ற வெள்ளி, அடுத்த வெள்ளி என்று ஓரளவு பிரிக்க வழி இருக்கிறது.

'ஃபார்வர்டு' அதைவிட மோசம். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வர்டு' செய்தால் திங்களா, வெள்ளியா என்று உளவியல் ஆய்வாளர் லேரா பொரோடிட்ஸ்கி பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதில் இரண்டு பக்கமும் பிரிந்தது. மைக்கேல் ராம்ஸ்காரோடு சேர்ந்து அவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள் அதிகமாக வெள்ளி என்றார்கள். தான் நகர்கிற நினைப்பில் இருப்பவருக்கு முன்னால் என்பது எதிர்காலம். காலம் தன்னை நோக்கி வருவதாக நினைப்பவருக்கு அது முந்திய நாள். இந்த வம்பே வேண்டாம் என்றுதான், முந்திய நாளுக்கு மாற்றுவதைச் சொல்ல இந்திய ஆங்கிலத்தில் 'பிரீபோன்' இருக்கிறது. வெளிநாட்டில் பலருக்குப் புரியாது என்பது ஒன்றுதான் குறை.

பெரியம்மா யாரையும் கேட்காமல் தானே பதில் தட்டினார்: 'வாட் டேட், ப்ளீஸ்?' 26, புதன் என்று வந்தது. சமையல்கட்டுக்குப் போய் நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு, எத்தனை நாள் இருப்பார்கள் என்று கேட்க 'ஃபார்' வருமா 'அன்டில்' வருமா என்றார். எண்ணிக்கை வேண்டுமென்றால் 'ஹவ் லாங்' என்று ஆரம்பியுங்கள் என்றேன்.