என் இடது கையின் கறுப்பு

என் இடது முழங்கைக்குக் கீழே 11 செண்டிமீட்டர் அகலத்துக்குக் கையைச் சுற்றிக் கறுப்பு டாட்டூ. அதற்குள் ஒரு சிக்குக் கோலம் ஓடுகிறது. கோலத்தின் கோட்டை மையால் குத்தவில்லை. கோடு போகிற இடத்தில் தோலை அப்படியே விட்டுவிட்டு, மிச்ச இடத்தை எல்லாம் கறுப்பால் நிரப்பியிருக்கிறது. சாணம் தெளித்த வாசலில் மாவுக்கோடு தெரிகிற மாதிரி, கறுப்புக்கு நடுவே என் தோல்தான் கோடு. குத்தி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "வலிச்சுதா?" அடுத்தது, "ஏன் இவ்வளவு கறுப்பு?" வலித்தது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் 11 வருஷமாக டிசைன் பிரிவில் இருக்கிறேன். கறுப்பை அன்றாடம் பார்க்கிற வேலை. பெரிய பரப்பை ஒரே கறுப்பாக அடிப்பதை எங்கள் பக்கம் 'சாலிட்' என்போம். கறுப்பு மையை மட்டும் போட்டு சாலிட் அடித்தால் காய்ந்த பிறகு சாம்பல் தட்டும். அதனால் அடியில் 40 சதவீதம் சயான், அதாவது அச்சு நீல மை, கொடுப்போம். அப்போதுதான் கறுப்பு கறுப்பாக நிற்கும். அப்புறம் மை பரவுவது. அச்சுப் பிளேட்டில் 50 சதவீத இடத்தை நிரப்புகிற மைப்புள்ளிகள் தாளில் 65, 70 மாதிரி தெரியும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கொஞ்சம் குறையும், பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் கூடும். இதெல்லாம் தெரிந்திருந்தும், 2017-ல் என் வலது மணிக்கட்டில் முதல் டாட்டூ குத்தியபோது நான் இதை நினைக்கவே இல்லை. 7 புள்ளிக் கோலம், மொத்தம் 3 செண்டிமீட்டர் அகலம், முடி மாதிரி கோடு. குத்திய அன்று அவ்வளவு அழகாக இருந்தது. 2021-ல் பார்த்தால் வளையங்களுக்கு உள்ளே இருந்த இடைவெளி பாதி மூடிவிட்டது. தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ தழும்பு. தோலும் ஒரு தாள்தான். ஆனால் தாளில் மை சில நிமிஷத்தில் பரவி நின்றுவிடும், தோலில் வருஷக்கணக்கில் பரவிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம்தான் அப்பத்தாவின் பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முன்கையிலும் பச்சை. கோலம்தான், ஆனால் என்னுடையதை விட இரண்டு மடங்கு தடித்த கோடு, தாராளமான இடைவெளி. அவருக்குப் பத்து வயசில் குத்தியது. 70 வருஷம் வயலிலும் அடுப்படியிலும் கிடந்த கை. கேமரா ஆறேழு அடி தள்ளி இருந்திருக்கும், அங்கிருந்தே கோலத்தைப் படிக்க முடிகிறது. என்னுடையது நாலு வருஷத்தில் கலைந்துவிட்டது.

அப்பத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது. அறுப்பு முடிந்த காலத்தில் "பச்சை குத்தலையோ பச்சை" என்று கூவிக்கொண்டு குறவர் பெண்கள் வருவார்கள். காசு கிடையாது, நெல்தான் கூலி. வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்களாம். மை செய்வதே ஒரு பெரிய வேலை. அகத்தி இலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உள்ளே கரி படியும். அதைச் சுரண்டி, தாய்ப்பாலில் குழைத்தால் மை. பச்சைப்பிள்ளைக்காரி யாராவது தெருவில் இருந்தால் கிண்ணத்தோடு போய் வாங்கி வருவார்களாம். "கழுத்துல காதுல கெடக்கிறத கழட்டிப்புடுவாக தாயி, இது மட்டுந்தேன் கூட வரும்" என்பார். 2019-ல் அவர் போனபோது அப்படித்தான் நடந்தது. தோட்டையும் மூக்குத்தியையும் அத்தை கழற்றினார். பச்சையோடுதான் அப்பத்தா போனார்.

விளக்குக்கரி, எங்கள் அச்சகத்துக் கறுப்பு, இன்றைய டாட்டூ கறுப்பு, மூன்றிலும் நிறத்தைக் கொடுப்பது கார்பன்தான். அப்புறம் ஏன் நம் ஊரில் அதற்குப் பச்சை என்று பெயர்? மை நிற்பது மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிற தோலில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். வெளிச்சம் மேல்தோலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சிவப்பு உள்ளே போய்க் கரியில் அடங்கிவிடும், நீலம் வழியிலேயே சிதறித் திரும்பி வரும். அந்த நீலம் நம் மேல்தோலின் மஞ்சள் கலந்த பழுப்போடு சேரும்போது கண்ணுக்குப் பச்சை. குத்திய அன்றைக்குக் கறுப்பு, வயசானால் பச்சை. குத்தியவர்களுக்கு முடிவு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது, அந்த முடிவையே பெயராக வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் புரிந்த அன்றுதான் அடுத்த டாட்டூ எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இருபது வருஷம் கழித்து எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் இன்றைக்கு வரைய வேண்டும்.

முடிவு செய்தும் குத்த மூன்று வருஷம் ஆனது. சாலிட் கறுப்பைத் திரும்ப எடுப்பது லேசில்லை. லேசர் பல தடவை அடிக்க வேண்டும், நம்மைப் போல மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கருத்தோ நின்றுவிடலாம். அதனால் டிசைனை பிரிண்ட் எடுத்து, வெட்டி, கையில் சுற்றி செலோடேப் ஒட்டிக்கொண்டு வீட்டில் ஒரு மாதம் திரிந்தேன். சமைத்தேன், துணி துவைத்தேன், நனைந்தால் அடுத்த பிரிண்ட். கண்ணாடியில் தற்செயலாகப் பார்க்கும்போது வேறு யாருடைய கையோ என்று தோன்றினால் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். தோன்றவில்லை.

மதுரையில் குத்துபவரிடம் போனபோது அவர் முதலில் ஒரு ஆல்பம் காட்டினார். சமோவா தீவு வேலைகள், போர்னியோவின் இபான் மக்களுடைய வேலைகள். கறுப்பை எப்படி நிரப்புவது என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். டாட்டூ என்ற சொல்லே பாலினீசிய மொழிகளின் 'டாடாவ்' வழியாக வந்ததுதான். சமோவாவில் ஆணுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் 'பேஆ', பெண்ணுக்கு 'மாலு'. அதை வாங்குவதற்கு அங்கே முறை இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. பிரமிப்பாக இருந்தது. ஆனால் அந்த வடிவத்தை என் கையில் வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? எங்கள் வீட்டு வாசலில் தினமும் விழுகிற கோடு இருக்கும்போது எனக்கு வேறு தேவையும் இல்லை.

டிசைனில் சிரமமே கை தாளைப் போலத் தட்டையாக இல்லாததுதான். என் முன்கை மேலே 23 செண்டிமீட்டர் சுற்றளவு, 11 செண்டிமீட்டர் கீழே வந்தால் 18. சதுரமாகப் புள்ளி வைத்தால் ஒன்றோடு ஒன்று சேராது. நாலு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கீழே போகப்போகக் குறுக்கி வரைந்தேன். தோலாக விடுகிற கோட்டை நான் 3 மில்லிமீட்டர் வைத்திருந்தேன். குத்துபவர் 5 வேண்டும் என்றார். "கறுப்பு ரெண்டு பக்கமும் உள்ள வரும்க்கா. இப்ப விட்ற இடந்தான் அப்புறம் டிசைன்" என்றார். என் மணிக்கட்டைக் காட்டினேன், அவர் தலையாட்டினார். 5-க்கு மாற்றினால் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். குறைத்தேன்.

அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ள கையில இம்புட்டுக் கறுப்பா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேஜையில் கிடந்த பிரிண்ட்டை எடுத்து, ஆள்காட்டி விரலால் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தார். கை உள்பக்கம் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் விரல் நின்றது. "இங்க அந்து போகுது பாரு. சிக்குக் கோலம் அந்து போகக் கூடாது." கம்ப்யூட்டரில் நூறு தடவை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. அம்மாவே பென்சிலை எடுத்து ஒரு வளைவை மாற்றிப் போட்டார். இன்று என் கையில் இருப்பது அந்த வளைவுதான். கோடு எங்கே தொடங்கினாலும் புள்ளிகளை எல்லாம் சுற்றி அங்கேயே வந்து சேரும்.

இன்னொரு விஷயமும் பேச வேண்டியிருந்தது. முன்கையின் வெளிப்பக்கம் எனக்கு ஒரு மச்சம் உண்டு. மச்சத்தின் மேல் கறுப்பு ஏற்றக் கூடாது. பிறகு அது வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ யாருக்கும் தெரியாது. அதனால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு, கோலத்தின் புள்ளிகளில் ஒன்றாக அதையே வைத்தோம். மற்ற புள்ளிகள் மை, அது மட்டும் பிறந்தபோதே வைத்த புள்ளி.

2024-ல் இரண்டு அமர்வாகக் குத்தினார். முதல் நாள் விளிம்புக்கோடும் பாதி நிரப்பலும், நாலரை மணி நேரம். ஐந்து வாரம் ஆறவிட்டு மிச்சம். ஊசியை என் கண் முன்னால் பிரித்தார், மையைச் சின்னக் குப்பிகளில் ஊற்றினார், மிஞ்சியதை பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் கொட்டினார். இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் கையை நீட்டாதீர்கள். விளிம்புக்கோடு சுள்ளென்று இருக்கும், ஆனால் தாங்கலாம். நிரப்புவதுதான் வேறு மாதிரி. வரிசையாகப் பல ஊசி சேர்ந்த மேக்னத்தை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வருவார். வெயிலில் வெந்த தோலைச் சிரட்டையால் சுரண்டுகிற மாதிரி. முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் வந்தபோது வாய் விட்டே அழுதேன். அச்சில் என்றால் அடியில் சயான் போட்டு ஒப்பேற்றலாம். தோலில் அது நடக்காது. ஒரே கறுப்பு, ஒரே சீராக, ஒரே ஆழத்தில் இறங்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் தோல் கிழிந்து தழும்பாகும், விட்டுப்போனால் ஓட்டை. அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் காசு.

ஆறுவது பொறுமை கேட்கிற வேலை. முதல் இரண்டு நாள் கறுப்பும் நிணநீருமாகக் கசிந்து தலையணை உறை முழுக்க மை. வாசனை இல்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒத்தித் துடைத்து மெல்லிசாக ஆயின்ட்மென்ட். அம்மா மஞ்சள் பத்துப் போட வந்தார், கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் நாளிலிருந்து கறுப்புச் செதிலாக உரிந்தது, அடுப்புச் சட்டியின் கரி உதிர்கிற மாதிரி. மையெல்லாம் போகிறது என்று பயந்தேன். போனது மேல்தோல்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் மங்கலாக, மேலே பால் ஆடை படர்ந்த மாதிரி இருந்து மெல்லத் தெளிந்தது. தெளிந்ததும் இரண்டு இடத்தில் கடுகளவு வெளுப்பு. சாலிட்டில் தூசி விழுந்தால் இப்படித்தான் வெள்ளைப் பொட்டு வரும், அதை நாங்கள் ஹிக்கி என்போம். டச்சப்பில் சரியானது.

வெயில்தான் எதிரி. சிவகாசி வெயிலில் ஸ்கூட்டி ஓட்டும்போது கைக்கு உறை, இல்லாவிட்டால் சன்ஸ்கிரீன். வியர்க்குரு காலத்தில் சில நாள் கறுப்பு லேசாகப் புடைத்து அரிக்கும், பிறகு அடங்கிவிடும். ரத்தப் பரிசோதனைக்கு வலது கையைக் கொடுக்கிறேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. டாட்டூ குத்தினால் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. வருஷா வருஷம் கொடுத்துப் பழகியவள், அந்த வருஷம் முகாமில் பிஸ்கட் மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

2018-ல் பிரான்ஸின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலி வாலில் பச்சை குத்திப் பார்த்ததைப் படித்தேன். மையைத் தோலில் பிடித்து வைத்திருப்பது ஒருவகை நோய் எதிர்ப்பு அணுக்கள். அவை சாகும்போது மை வெளியே வருகிறது, புதிதாக வந்தவை அதை மறுபடி விழுங்கி வைத்துக்கொள்கின்றன. எலியில் பார்த்ததுதான், ஆனாலும் அப்பத்தாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று போகும்போது அடுத்தது வாங்கி வைத்துக்கொண்டால்தானே 70 வருஷம் நிற்கும்.

போன மாதம் விருதுநகர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பாட்டி. எண்பது வயசு இருக்கும், முன்கையில் பச்சை. என் கையைப் பார்த்தார், கேட்காமலேயே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா செய்தது போலவே விரலைக் கோட்டில் ஓட்டினார். ஒரு சுற்று முழுக்கப் போய்த் திரும்பினார். பிறகு கேட்டார்:

"பாலு யாருது தாயி?"

எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைத்துவிட்டது. "பாலெல்லாம் இல்ல பாட்டி, இது கடையில விக்கிற மை" என்றேன்.

அவர் கையை விடவில்லை. கறுப்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்ப இது பச்சையாகுமா?"

"ஆகும் பாட்டி" என்றேன்.