138-இல் ஒரு மேடு

செல்களில் ஒளிரும் சாயம் ஏற்றி, அந்த ஒளியை வைத்து ஒவ்வொரு செல்லையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரோடு ஆறு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு சாயத்தின் ஒளி பக்கத்துச் சாயத்தின் மேல் வழியும். நிறங்கள் பதினைந்தைத் தாண்டினால் அதைச் சரிக்கட்டுவதற்குள் மண்டை காய்ந்துவிடும். அதனால் மாஸ் சைட்டோமீட்டரில் வேலை செய்ய வாய்ப்பு வந்ததும், இனி நிம்மதி என்று நினைத்தேன்.

இதில், செல்லில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் சாயத்துக்குப் பதில் உலோகம் ஒட்டியிருக்கும். நியோடிமியம், சமாரியம், யூரோப்பியம் போன்ற லாந்தனைடுகள். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரு ஐசோடோப், அதாவது குறிப்பிட்ட நிறை கொண்ட ஒரு அணு வகை. செல்லில் இவை இயல்பாக இருப்பதில்லை என்பதால் பின்னணிச் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. செல்கள் நீர்த்துளிகளாகத் தெளிக்கப்பட்டு, பல ஆயிரம் டிகிரி ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் போய் அயனி மேகங்களாகின்றன. கார்பன், ஆக்சிஜன் மாதிரி லேசானவற்றை வழியிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தைப் பறக்கவிட்டு நேரம் பார்க்கிறது கருவி. லேசானது முந்தும், கனமானது பிந்தும். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் கேரி நோலன் குழு, மனித எலும்பு மஜ்ஜையின் ஒவ்வொரு செல்லிலும் 34 விஷயங்களை ஒரே நேரத்தில் அளந்தது இப்படித்தான். (அளந்த செல் திரும்பக் கிடைக்காது. பிரித்தெடுத்து வளர்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.)

சரி, என் கதைக்கு வருகிறேன். நானே தனியாகத் தயாரித்த முதல் சாம்பிள். திரையில் நிறை 138-இல் மலை மாதிரி ஒரு மேடு. என் பட்டியலில் 138-இல் எதுவுமே கிடையாது. ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன், தண்ணீரைச் சந்தேகித்தேன், கடைசியில் கருவியையே குறை சொன்னேன். அதைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பஃபர் பாட்டிலை சோப்பு போட்டுக் கழுவினீங்களா?"

கழுவியிருந்தேன். இரண்டு முறை.

சில சோப்புகளில் பேரியம் இருக்கிறது. அதில் அதிகம் இருக்கும் ஐசோடோப்பின் நிறை 138. அதோடு ஆக்சிஜன் ஒன்று ஒட்டினால் 154, அதாவது சமாரியம்-154 உட்காரும் இடம். அங்கேதான் நான், வெள்ளணுக்களை அடையாளம் காட்டும் புரதமான சிடி45-ஐ வைத்திருந்தேன். ஃப்ளோவில் இந்த பேரியம் கண்ணிலேயே பட்டிருக்காது.

நல்ல வேளை, பாதி செல்களை ஓட்டாமல் வைத்திருந்தேன். புது பிளாஸ்டிக் பாட்டில் நீரில் மூன்று முறை அலசி ஓட்டினேன். மேடு தரையோடு படுத்துவிட்டது. பழைய பாட்டிலில் "சோப்பு கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். போன வாரம் யாரோ அதைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒட்டிய சீட்டையும் காணோம்.