வெள்ளிக்கிழமை எலெக்டிவ்: கோ-ஆப் நாட்குறிப்பு, 2024 வசந்தம்

ஜனவரி 19, வெள்ளி

பருவ அட்டவணை முடிவானது. டாலஸுக்கு வடக்கே ஒரு தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறைகளில், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் சேர்ந்து வெள்ளிதோறும் நடத்தும் ஹோம்ஸ்கூல் கோ-ஆப் இது. கணக்கும் வாசிப்பும் அவரவர் வீட்டில். இங்கே எலெக்டிவ் எனும் விருப்பப் பாடங்கள் மட்டும்: மின்சுற்று, தையல், சமையலறை, கோலம், கடைசியில் கிரகணம்.

டெக்சாஸில் வீட்டுக்கல்விக்கு அரசிடம் பதிவு எதுவும் வேண்டாம். லீப்பர் வழக்கில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தும் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். எலெக்டிவில் எதை வைப்பது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க ஆளில்லை என்பதாலேயே ஒரே வகுப்பில் ஏழு விஷயங்களைத் திணிக்கும் ஆசை எல்லாருக்கும் வருகிறது.

வகுப்பு 50 நிமிடம். உட்கார்ந்து பெயர் எழுத 10, ஒதுங்கவைக்க 10. மிச்சம் 30 நிமிடத்துக்குத்தான் திட்டம் போட வேண்டும். 5–7 வயது ஓர் அறை, 8–11 வயது ஓர் அறை. அறைக்கு 10 பிள்ளைகள், 2 பெரியவர்கள். ஒருவர் சொல்லிக்கொடுக்க, ஒருவர் பாத்ரூமுக்கும் சிந்திய பசைக்கும்.

வகுப்பு நடத்தும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்: மாதிரியை இடது கையால் ஒருமுறை செய்துபார்த்து, நேரம் குறித்துக்கொண்டு வருவது. இடக்கைக்காரர் வலது கையால். ஆறு வயதுக் கைக்கு ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும்.

பிப்ரவரி 2, வெள்ளி. ஒளிரும் வாழ்த்து அட்டை

8–11க்கு ஓர் ஆளுக்கு: 5 மி.மீ. அகலத் தாமிர டேப் 40 செ.மீ., ஓர் எல்இடி, ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, கெட்டி அட்டை. எல்இடியின் நீளக்கால் பிளஸ். கால்களை விரித்து டேப்புக்கு மேல் வைத்து, இன்னொரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டினால் போதும்.

எரியாத அட்டைகளில் பாதிக்குமேல் கோளாறு மூலையில்தான். மூலை வந்ததும் டேப்பை வெட்டிப் புதுத் துண்டு ஒட்டுகிறார்கள். அடியில் இருக்கும் பசை பல டேப்புகளில் மின்சாரத்தைக் கடத்தாது. வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். அடுத்த கோளாறு, பேட்டரியைப் பிடிக்க மாட்டும் இரும்பு பைண்டர் கிளிப். அது பேட்டரியின் இரு முகத்தையும் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். துணி காயப்போடும் மரக் கிளிப்பே நல்லது.

சிவப்பும் நீலமும் ஒரே பேட்டரியில் பக்கம் பக்கமாக மாட்டினால் நீலம் அணைந்துவிடும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். சிவப்பு முந்திக்கொண்டு இழுக்க, பேட்டரி 2 வோல்ட் பக்கம் இறங்கிவிடுகிறது. இதைத் திருத்த அவசரப்பட வேண்டாம். சிவப்பைப் பிடுங்கியதும் நீலம் எரிவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அன்றைய வகுப்பில் அதுதான் பாடம்.

5–7 அறையில் பட்டன் பேட்டரி கூடவே கூடாது. விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொத்துவிடக்கூடியது. இதற்கென்றே அமெரிக்காவில் 2022இல் ரீஸ் சட்டம் வந்தது. சின்னவர்களுக்கு 2 ஏஏ பேட்டரி, திருகாணி போட்ட மூடியுள்ள பெட்டியில். ஏஏவுக்கு வலு அதிகம். சிவப்பு எல்இடியை நேராக மாட்டினால் கருகும். 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை இடையில் போடவும். 8–11 அறையில் கொடுத்த பேட்டரி 10, திரும்பியது 10. எண்ணி முடிக்கும்வரை கதவு திறக்கவில்லை. அட்டை வீட்டுக்குப் போகும், பேட்டரி பெற்றோர் கைக்குப் போகும்.

பிப்ரவரி 9, வெள்ளி. ஊசி நூல்

10 × 25 செ.மீ. ஃபெல்ட் துணி. 10 செ.மீ. மேலே மடித்தால் பை, மிச்சம் 5 செ.மீ. மூடி. மழுங்கல் முனை ஊசி ஃபெல்ட்டில் சுலபமாக இறங்காது. ஆகவே இரு ஓரத்திலும் 1 செ.மீ. இடைவெளியில் முன்கூட்டியே துளை போட்டு வைக்க வேண்டும். ஒரு பைக்கு 18 துளை, 10 பைக்கு 180. இந்த வேலையை வகுப்பில் வைத்தால் வகுப்பே முடிந்தது. வியாழன் இரவே உட்கார்ந்துவிட வேண்டும்.

நூல் 45 செ.மீ.க்கு மேல் போனால் சிக்கு. அடிக்கடி கோக்க வேண்டியிருக்கிறதே என்று நீளமாக வெட்டித் தருவதுதான் பெரியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஊசிக் காதிலிருந்து நூல் உருவிக்கொண்டே இருந்தால், காதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். தையற்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். இங்கே செல்லும். ஓட்டுத் தையலில் துளைகளுக்குச் சிவப்பு, நீலப் பொட்டு மாற்றி மாற்றி: சிவப்பில் ஊசி உள்ளே, நீலத்தில் வெளியே. அப்படியும் பாதிப் பேர் ஓரத்தைச் சுற்றியே கொண்டுவருவார்கள். பைக்குச் சுற்றுத் தையல் இன்னும் உறுதி, பிரிக்கச் சொல்ல வேண்டாம்.

ஊசி 12 காந்தத் தட்டில் போனது, 12 திரும்பியது.

பிப்ரவரி 16, வெள்ளி

பித்தான் வைத்தல். நாலு கண் பித்தான் வேண்டாம், இரண்டு கண். அடியில் ஒரு பல்குத்தும் குச்சி வைத்துத் தைத்துவிட்டு உருவினால், பித்தானுக்குக் கீழே கொஞ்சம் தளர்ச்சி கிடைக்கும். இல்லாவிட்டால் மூடியில் மாட்டவே வராது.

பிப்ரவரி 23, வெள்ளி. வெண்ணெய்

36 சதவீதக் கொழுப்புள்ள ஹெவி விப்பிங் க்ரீம் 120 மி.லி., அரை லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியில். ஜாடி கால்பங்குக்கு மேல் நிறையக் கூடாது. அடித்துக்கொள்ள இடம் வேண்டும். கண்ணாடி அழகுதான், ஆனால் வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை நிஜமாகவே நடக்கும். ஏழு வயதுக் கை வியர்த்து வழுக்குவது சரியாகப் பத்தாவது நிமிடத்தில்.

ஃப்ரிஜ்ஜிலிருந்து நேராக எடுத்தால் திரள வெகுநேரம் ஆகும். அரை மணி நேரம் முன்பே வெளியில் வைக்கவும், தொட்டால் லேசாகக் குளிர வேண்டும். ரொம்பச் சூடேறினாலும் எண்ணெய்ப் பசையாகிக் கட்டிசேராது. மூன்று பேருக்கு ஒரு ஜாடி, ஆளுக்கு 50 குலுக்கல். நாலைந்து நிமிடத்தில் சளக்சளக் சத்தம் நின்றுபோகும். கெட்டியான க்ரீம் ஜாடியோடு ஒட்டிக்கொண்டு அசையாது. "கெட்டுப்போச்சு" என்று மூடியைத் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். திறக்கவிடாதீர்கள். இன்னும் சில நிமிடம் குலுக்கினால் திடீரென்று மோர் பிரிந்து சத்தம் திரும்ப வரும். வடிகட்டி, ஐஸ் தண்ணீரில் மூன்று தரம் பிசைந்து கழுவி, கடைசியில் உப்பு. மோர் தங்கினால் சீக்கிரம் புளிக்கும்.

படிவத்தில் ஒரு பிள்ளைக்குப் பால் அலர்ஜி என்று இருந்தாலும் இந்த வகுப்பையே நீக்கிவிட வேண்டும். அந்தப் பிள்ளையை மூலையில் படம் வரைய உட்காரவைப்பது சரியில்லை.

மார்ச் 1, வெள்ளி. சிக்குக் கோலம், தாளில்

இந்தப் பருவத்தின் சிறந்த வகுப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். செலவோ ஒன்றுமில்லை. 8–11க்கு: 4 செ.மீ. இடைவெளியில் நேர்ப்புள்ளி அச்சடித்த தாள், கலர் பென்சில்.

விதி மூன்று. கோடு புள்ளியைத் தொடக் கூடாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். முதலில் 1 × 2: எட்டு வடிவம், கை பழகிவிடும். பிறகு 3 × 4. பென்சில் எடுக்காமல் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்தால் 12 புள்ளியும் ஒரே கோட்டில் சிக்கியிருக்கும்.

அடுத்து 3 × 3. கோடு திரும்ப வந்துவிடும், ஆனால் கடக்காத இடங்கள் மிச்சம் இருக்கும். வேறு நிறம் எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொல்லவும். முடிவில் மூன்று நிறம். 2 × 4க்கு இரண்டு, 4 × 6க்கு இரண்டு, 3 × 6க்கு மூன்று, 2 × 3க்கு ஒன்றே. பலகையில் எண்களை எழுதிக்கொண்டே வந்தால், இரு எண்ணையும் மீதியின்றி வகுக்கும் பெரிய எண்தான் விடை என்று யாராவது ஒரு பிள்ளை கத்தும். அதற்கு மீப்பெரு பொதுக் காரணி என்று பெயர் இருப்பதை அப்புறம் சொன்னால் போதும், முன்னால் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

தப்பிய கோலத்தைச் சரிபார்க்க வெட்டுகளை எண்ணவும். அருகருகே உள்ள ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் நடுவே ஒரு வெட்டு. 3 × 4இல் குறுக்கே 9, நெடுக்கே 8, ஆக 17. 16 வந்தால் எங்கோ கடக்க வேண்டிய இடத்தில் வளைந்துவிட்டார்கள்.

மார்ச் 8, வெள்ளி. அதே கோலம், மாவில்

பார்க்கிங் இடத்தில், அனுமதி கேட்டுவிட்டு. கான்கிரீட் வெளிறியது, வெள்ளை மாவு தெரியாது. லேசாகத் தண்ணீர் தெளித்தால் தரையும் கறுக்கும், மாவும் ஒட்டும். மார்ச் காற்று சாதாரணமில்லை, சுவரோரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. பாக்கெட் அரிசி மாவு மிக நைசு, விரலிடுக்கில் அடைத்துக்கொண்டு பொத்தென்று விழும். பாதிக்குப் பாதி மெல்லிய மணல் கலந்தால் இழை வரும். 10 பேருக்குக் கலவை 1 கிலோ. சின்னவர்களுக்குச் சிக்கு வேண்டாம்: 5 புள்ளி, ஊடுபுள்ளி 3இல் நிறுத்தவும். மொத்தம் 19 புள்ளி, இஷ்டம்போல் இணைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 29

புனித வெள்ளி. கட்டடம் கிடைக்காது.

ஏப்ரல் 5, வெள்ளி. கிரகணத்துக்கு முன்

திங்கள் 8ஆம் தேதி முழு சூரிய கிரகணம். டாலஸில் 12:23க்குத் தொடங்கி, 1:40க்கு முழுமை, 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

ஊசித்துளைப் பெட்டி செய்வதில் எல்லாரும் காலை உணவு சீரியல் பெட்டிதான் எடுக்கிறார்கள். அதில் விழும் பிம்பம் துளைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தில் 109இல் ஒரு பங்கு. 30 செ.மீ. பெட்டி என்றால் 3 மி.மீ.கூட இல்லை, பிள்ளைகள் "இதுவா?" என்பார்கள். இரண்டு நீளப் பெட்டிகளை முனையோடு முனை ஒட்டி 1 மீட்டர் ஆக்கினால் 9 மி.மீ. வரும், கடித்த பிஸ்கட் மாதிரி பிறை தெரியும். துளையை அட்டையில் போடாமல், அட்டையில் 2 செ.மீ. சதுரம் வெட்டி அலுமினியத் தாள் ஒட்டி அதில் குத்தவும். துளை 1 மி.மீ. போதும், அதைவிடப் பெரிதானால் பிம்பம் மங்கும். தாளை மாற்றிக் குத்தலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், துளை வழியே யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. இதை மூன்று முறை சொல்லியாயிற்று.

கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்க வேண்டும், கீறல் இருந்தால் குப்பைக்கு. பெரியவர் அளவுக் கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது. காகிதத் தட்டில் கண்ணுக்கு இடம் வெட்டிக் கண்ணாடியை அதில் ஸ்டேபிள் செய்தால் முகம் முழுக்க மறையும், ஓரத்தில் எட்டிப்பார்க்க வழியில்லை. வீட்டிலிருந்து ஜல்லிக் கரண்டி, இடியாப்ப அச்சு கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. நிழலில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை விழும்.

ஏப்ரல் 12, வெள்ளி

திங்களன்று மேகம் வந்து வந்து போனது. மேகம் மூடிய நேரத்தில் பெட்டியால் பயனில்லை, கண்ணாடி மட்டும் ஓரளவு உதவியது. வெயில் விழுந்தபோது அதிகக் கூட்டம் இடியாப்ப அச்சைச் சுற்றித்தான்.

பருவ முடிவில் பொருள் பெட்டி மூடும் கணக்கு: தாமிர டேப் முக்கால் சுருள், ஊசி 12, காந்தத் தட்டு 1, ஃபெல்ட் 4 துண்டு, ரெசிஸ்டர் 6. மாவும் மணலும் கலந்தது அரை கிலோ மீதி. அதன்மேல் "சமையலுக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியாயிற்று.