தினம் ஒரு மண் நகை

2023 நவம்பர் 6, திங்கள்

பட்டாணி அளவில் ஒரு ஜோடி உருண்டைத் தோடு. மேலே பேனா மூடியை அழுத்தி ஒரு வட்டம். இன்றைக்கு இது போதும். விதி ஒன்றே ஒன்று: தட்டில் புதிதாக ஏதாவது ஏறாமல் படுக்கப் போகக்கூடாது. தோடோ, மணியோ, வெறும் வளையமோ, பரவாயில்லை.

நவம்பர் 8

தம்பியிடமிருந்து போன் இல்லை. மணி உருட்டினேன். ஈர்க்குச்சியில் கோத்தபடியே காயவைத்தால் துளை அடைபடுவதில்லை. அரை ஈரத்தில் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி உருவிவிட வேண்டும்.

நவம்பர் 10

வேளார் அண்ணாச்சி ஒரு சாக்கு குளத்து மண் கொடுத்தார். கார்த்திகைக்கு அகல் வேலை அவருக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. திண்ணை முழுக்க விளக்கு. ஆனாலும் எழுந்து வந்து, ஒரு சிட்டிகை மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, மணல் நெருடவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாக்கைக் கட்டினார். காசு வாங்கவில்லை.

கட்டியை உடைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்தால்தான் ஊறும். ஈரக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும், காய்ந்த கட்டி தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிரும். அதைக் கரைத்துப் பழைய வேட்டியில் வடிகட்டினால் வேர், கல், நத்தை ஓடு எல்லாம் மேலே நிற்கும். நத்தை ஓட்டை மட்டும் விட்டுவிடவே கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் சூட்டில் சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து ஊதி, நகையின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சுட்டு, வண்ணம் பூசி, கொக்கி மாட்டி, பெட்டியில் வைத்த பிறகு.

ஆச்சிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

நவம்பர் 12, தீபாவளி

ஆச்சிக்குப் புதுச் சேலை உடுத்திவிட்டேன். "மூளிக் காதுக்கு என்னத்துக்குட்டி பட்டு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இரவு வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு ஒரு ஜிமிக்கி. ஒற்றைதான்.

நவம்பர் 15

அந்தச் சொல்லே காதில் நிற்கிறது. மூளி.

ஆச்சியின் காதுகள் தோளைத் தொடும். சின்னப் பிள்ளையில் குத்தி, துளையில் பஞ்சைத் திரித்துத் திரித்துப் பெரிதாக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டிக் கனம் ஏற்றி வளர்த்த காது. அவளோடு ஒத்த வயதுக்காரிகள் இந்தப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு பிறந்த பெண்களுக்கு யாரும் காது வளர்க்கவில்லை. வளர்த்த காதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆச்சி தைக்க விடவில்லை. வெறும் காதோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

அந்தக் காதில் தொங்கும் நகைதான் பாம்படம். பார்த்தால் கெட்டித் தங்கம் என்றுதான் தோன்றும். உள்ளே அரக்கு. மெல்லிய தகட்டைச் சதுரமாக, உருண்டையாக, தட்டாக மடித்து, அரக்கு நிரப்பி, ஒன்றோடொன்று பொருத்தியிருப்பார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அந்தச் சதுரமும் உருண்டையும் சேர்ந்து படமெடுத்த பாம்பாகும். கண்ணும் செதிலும் வரையாமல் வெறும் வடிவங்களைக் கூட்டி ஒரு பாம்பைக் கொண்டுவந்தவன் எப்பேர்ப்பட்ட ஆசாரி! நம் ஊர் நகைகளிலேயே இதற்கு ஈடு இல்லை என்று நான் நினைக்கிறேன். கோயில் நகை, கல் அட்டிகை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஆச்சியுடையது 1989-இல் உருகியது. யாருக்காக என்று இந்த வீட்டில் பேசுவதில்லை.

நவம்பர் 16

மண்ணில் செய்யலாமா?

நவம்பர் 19, ஞாயிறு

மழை விட்டது, சூளை போட்டேன். மொட்டை மாடியில் பழைய இரும்பு வாளி, சுற்றிலும் ஆணியால் அடித்த துளைகள். அடியில் கரி, நடுவில் ஓட்டைச் சட்டிக்குள் நகைகள், சுற்றிலும் வறட்டி, மேலே உமி. முதலில் தணல் மட்டும். இந்தப் பொறுமைதான் வேலையில் பாதி. கைக்குக் காய்ந்ததாகத் தெரிகிற மண்ணுக்குள்ளும் ஈரம் இருக்கும். சட்டென்று சூடேற்றினால் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் நகையை உடைத்துவிடும். அதைத் தாண்டிய பிறகு தீயை ஏற்றலாம். களிமண்ணோடு பிணைந்தே இருக்கிற நீர் ஒன்று உண்டு. அது விலக 500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதுவும் போய்விட்டால் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் மண் கரையாது.

பாதியைத் தனியாக எடுத்து, உமியை அள்ளிப்போட்டு மூடிப் புகையிலேயே அடைத்து வைத்தேன். கறுப்பாக வந்திருக்கின்றன. காற்றோட்டத்தில் சுட்டவை சிவப்பு. மண் ஒன்றுதான், காற்று கிடைத்ததும் கிடைக்காததும்தான் வித்தியாசம். கறுப்பு மணிகளைத் துணியில் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். வண்ணம் பூச மனம் வரவில்லை.

நவம்பர் 21

தம்பி போன். இல்லை.

நவம்பர் 26, கார்த்திகை

அண்ணாச்சி அகல் கொடுத்துவிட்டிருந்தார். ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தேன். இன்றைய நகை அகல் வடிவத்தில் சின்னத் தொங்கட்டான். செய்யும்போது நாலு சென்டிமீட்டர். காய்ந்து சுட்டால் பத்தில் ஒரு பங்கு குறையும், அதையும் கணக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 1

இன்று முழுக்கக் கனத்தோடு போராட்டம்.

பாம்படத்தின் சதுரத்தைக் கெட்டியாகச் செய்து தராசில் வைத்தால் அது மட்டும் 19 கிராம். முழு உருவம் சேர்ந்தால் அந்தக் காது தாங்காது. சதை இப்போது தாள் மெலிவுக்கு வந்துவிட்டது, இடது காதின் அடியில் பழைய கிழிசல் தழும்பு வேறு. உள்ளே வெற்றிடம் வேண்டும். அரக்கு இருந்த இடத்தில் காற்று.

இரண்டு பாதியாக வனைந்து, விளிம்பில் ஊசியால் கீறி, களிக்குழம்பு தடவி ஒட்டினேன். மூடிய கூட்டுக்குள் ஆவி மாட்டினால் வெடிக்கும் என்பதால் அடியில் ஊசித்துளை. இன்னொன்றில் மண்ணோடு பொடித்த உமி கலந்தேன். தீயில் உமி எரிந்துபோய் அந்த இடமெல்லாம் பொந்தாகி எடை குறையும். ஆனால் வழவழப்பு போய்விடும். ஆச்சி விரலால் தடவிப் பார்ப்பாள், கண் இப்போது சரியாகத் தெரியவில்லை. வழவழப்பு வேண்டும். வெற்றுக் கூடுதான் வழி.

டிசம்பர் 5

நேற்று முழுக்க டிவியில் சென்னை. மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் இருக்கிற சித்தி வீட்டோடு பேச முடியவில்லை. மாலையில்தான் கிடைத்தார்கள், இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டார்களாம். ஆச்சி, "இங்க ஆறு எப்பிடி போவுது?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் போகிறது என்றேன். ஒரு வளையம் செய்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

மதினியை ஆச்சியோடு இருக்கச் சொல்லிவிட்டு ஆதிச்சநல்லூர் போய்வந்தேன். இத்தனை பக்கத்தில் இருந்தும், ஆகஸ்டில் திறந்த கள அருங்காட்சியகத்தை இன்றுதான் பார்க்கிறேன். குழியின் மேல் கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள், தோண்டிய இடத்திலேயே. நிற்கவே கூச்சமாக இருந்தது.

1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ வந்தார். அவருக்குத் தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. எல்லோரும் தங்கத்தைத்தான் சொல்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றது கறுப்பு சிவப்புப் பானைகளை. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும் என்கிறார்கள். என் வாளிச் சூளையில் இரண்டு தடவையாகச் செய்ததை இவர்கள் ஒரே பானையில் ஒரே தீயில் செய்திருக்கிறார்கள். ஒரு நகையில் அதைக் கொண்டுவர வேண்டும். பாம்படத்தின் சதுரம் கறுப்பு, உருண்டை சிவப்பு.

வரும் வழியில் மேகம் கூடியிருந்தது.

டிசம்பர் 13

ஒற்றைப் பாம்படம், கறுப்பு, சோதனைக்கு. வெடிக்கவில்லை! 9 கிராம். ஆச்சி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

டிசம்பர் 16

அசல் ஜோடி வனைந்து முடித்தேன். சோதனையை விட இது நன்றாக வந்திருக்கிறது. சதுரத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கிறது, தட்டு சாயவில்லை. நிழலில் மெதுவாகக் காய வேண்டும். இந்த ஈரக் காற்றில் எப்போது காயுமோ.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி 1. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடியிருக்கும், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. நேற்று இரவிலிருந்து ஒரு நிமிஷம் விடவில்லை. தட்டை அரிசி டிரம்மின் மேல் ஏற்றி வைத்தேன். கரண்ட் போய்விட்டது. தெருவில் தண்ணீர்

டிசம்பர் 23, சனி

இப்போதுதான் போனில் சார்ஜ்.

ஆச்சி இருக்கிறாள். மதினி வீட்டு மாடியில். கட்டிலோடு தூக்கினார்கள் தெருப் பையன்கள், இடுப்பளவு தண்ணீரில், இருட்டில். மருந்துப் பையை நான் தலையில் வைத்திருந்தேன்.

போனைத் திறந்ததும் தம்பியின் தவறிய அழைப்புகள். வரிசையாக. மஸ்கட்டில் டிவியில் ஊரைப் பார்த்திருக்கிறான். பேசினோம். இரண்டு பேரும் அழுதோம், வேறு ஒன்றும் பேசவில்லை. ஆச்சி போனை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 24

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம். இங்கே 62. ஏரல் பக்கம் இன்னும் மோசம் என்கிறார்கள். புதுக்குடியில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஊர்க்காரர்கள் கோயிலில் சமைத்துப் போட்டிருக்கிறார்கள், தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே.

வீட்டுக்குள் முழங்கால் உயரம் வண்டல். அரிசி டிரம் கவிழ்ந்து கிடந்தது. தட்டு கிடைத்தது. அதில் அந்த ஜோடி இல்லை, ஓரத்தில் வழுவழுவென்று கொஞ்சம் களி மட்டும். பச்சை மண், கரைந்துவிட்டது. தண்ணீர் பட்டால் அதற்கு அதுதான் வழி.

மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்த மதினி கூப்பிட்டாள். அவள் கையில் கறுப்பு மணிகள். ஈர்க்குச்சி போய்விட்டது, மணி ஒன்றுகூடப் பழுதில்லை. அப்புறம் இரவு வரை துழாவினேன். தோடுகள், ஜிமிக்கி, அகல் தொங்கட்டான். சமையலறை மூலையில், சேற்றுக்கு அடியில், சோதனைப் பாம்படம்.

கழுவினேன். கீறல்கூட இல்லை.

டிசம்பர் 26

எதுவும் செய்யவில்லை. பாயும் சேலையும் அலசினேன். கை நடுங்குகிறது.

டிசம்பர் 29

வண்டலில் ஒரு உருண்டை பிடித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. மணல் அதிகம், அப்பிரகம் மினுங்குகிறது, வளைத்தால் விரிசல். ஊறவைத்துக் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வடித்து, அதில் படியும் நைசை எடுத்தால் தேறலாம். மூன்று பங்கு குளத்து மண்ணுக்கு ஒரு பங்கு என்று கலந்தேன். ஒரு பட்டாணித் தோடு. விரிசல் இல்லாமல் காய்கிறது.

அண்ணாச்சியின் பொங்கல் பானைகள் எல்லாம் போய்விட்டன. சூளைக்கு ஏற்ற அடுக்கி வைத்திருந்தாராம், அத்தனையும் பச்சைப் பானை. சக்கரம் தப்பியிருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. மண் எடுக்கிற குளமே உடைந்து கிடக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளை முதல் மண் மிதிக்க ஆள் வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

2024 ஜனவரி 2

காலையில் ஆச்சி தெளிவாக இருந்தாள். சோதனைப் பாம்படத்தை வலது காதில் மாட்டினேன். விரலால் சதுரத்தைத் தடவினாள், உருண்டையைத் தடவினாள், தட்டில் வந்து நின்றாள். தலையை மெதுவாக அசைத்துப் பார்த்தாள்.

"கனம் பத்தாதுட்டி."

"காது தாங்காது ஆச்சி."

"என் காது எனக்குத் தெரியாதா? இன்னுங் கொஞ்சம் ஏத்து."

ஜனவரி 4

காலை முழுக்க அண்ணாச்சி வீட்டில் மண் மிதித்தேன். இரவு பாம்படம், சுவர் கொஞ்சம் தடிமனாக. வலது காதுக்கு 12 கிராம் வருகிற கணக்கு. இடதுக்கு, தழும்பு இருப்பதால், 10-க்கு மேல் போகக்கூடாது. அதை நாளை